டவர் போனாலும் செய்தி வர வேண்டுமா? புயல் சீசனுக்கு முன் ரேடியோவைத் தயார்படுத்துவது எப்படி

அக்டோபர் பிறந்தால் போதும், மெழுகுவர்த்தி, பால் பவுடர், பவர் பேங்க் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். அவற்றில் ரேடியோ இருப்பது அபூர்வம். கேட்டால் எல்லாம் போனிலேயே வருகிறதே என்பார்கள். வருகிறதுதான், டவர் நிற்கிற வரைக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாவில் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னைக்குள்ளேயே பல பகுதிகளில் நாள் கணக்கில் யாருக்கும் போன் போகவில்லை. ஒரு மொபைல் டவருக்கு மின்சாரம் நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் வேண்டும், டீசல் வண்டி வர ரோடு வேண்டும், ரோட்டிலோ புளியமரம் குறுக்கே கிடக்கும்.

ரேடியோ தப்பிப்பதற்குக் காரணம் எளிது. உங்கள் தெருவுக்கென்று அதற்கு டவர் எதுவும் தேவையில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி, புயல் தொடாத ஊரில் ஒரு டிரான்ஸ்மிட்டர் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தால் மாவட்டம் முழுக்கக் கேட்கும். ஒரே நேரத்தில் லட்சம் பேர் கேட்டாலும் நெரிசல் கிடையாது. ஆனால் ரேடியோ வாங்கிப் பரணில் போட்டு வைப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. உங்கள் வீட்டில், உங்கள் செட்டில், எந்த நிலையம் எந்த மூலையில் எடுக்கிறது என்பது வெயில் அடிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். இருட்டில், காற்று ஊளையிடும்போது முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடுவது முடியாத காரியம். அதனால் இதைப் படிப்பவர்கள் செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

எந்த செட் வாங்குவது

எஃப்எம், மீடியம் வேவ் இரண்டும் எடுக்கிற, கடையில் கிடைக்கிற சாதாரண பேட்டரி போடுகிற சின்ன செட். அவ்வளவுதான். மீடியம் வேவ் என்பது செட்டில் ஏஎம் அல்லது எம்டபிள்யூ என்று போட்டிருக்கும். டீக்கடைகளில் பாட்டுப் பாடுகிற புளூடூத் ஸ்பீக்கர்களில் எஃப்எம் மட்டும்தான் இருக்கும், உள்ளே இருக்கும் பேட்டரியும் சில மணி நேரத்தில் காலியாகிவிடும், சார்ஜ் போடக் கரண்ட் இருக்காது. இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் ரேடியோ, மேலே சோலார் தகடு வைத்த ரேடியோ என்றெல்லாம் ஆன்லைனில் வருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மலிவான செட்களில் கைப்பிடி சீக்கிரம் ஆடத் தொடங்கிவிடும், மழை மேகத்தில் சோலாருக்கு வேலை இல்லை. அந்தக் காசுக்கு ஒரு சாதாரண செட்டும் நாலு ஜோடி பேட்டரியும் வாங்கலாம் என்பது என் கட்சி.

டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள செட் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அமெரிக்காவில் 10. அங்கே விற்கச் செய்த செட் 930, 940 என்று தாண்டித் தாண்டிப் போகும், திருச்சி வானொலியின் 936-இல் நிற்கவே நிற்காது. சென்னையின் 720 மட்டும் இரண்டு கணக்கிலும் வந்துவிடுவதால் சென்னைக்காரர்களுக்கு இந்தக் குறை தெரியாமலேயே போகும். பெரும்பாலான செட்களில் 9/10 என்று மாற்ற ஒரு வழி இருக்கும், கையேட்டைப் பார்த்து 9-இல் வைத்துவிடுங்கள். முள் நகரும் பழைய மாதிரி செட் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். செட்டுக்குள் போட்டபடியே மாதக்கணக்கில் விட்டால் பேட்டரி கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருக்கும், அப்புறம் புதுப் பேட்டரி போட்டாலும் செட் பேசாது. தனியாக ஒரு ஜிப் கவரில் போட்டு, ரப்பர் பேண்டால் செட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வீட்டில் டார்ச் லைட்டும் ரேடியோவும் ஒரே அளவு பேட்டரி எடுத்துக்கொள்கிற மாதிரி பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது, ஒன்றில் தீர்ந்தால் மற்றதில் இருந்து கழற்றிப் போடலாம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, அரை அரை மணி நேரம், சத்தம் அளவாக என்றால் ஒரு ஜோடி நல்ல பேட்டரி ஒரு வாரம் தாராளமாக வரும்.

எந்த நிலையம், எந்த மூலை

இரண்டு நிலையம் வேண்டும். பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று. பக்கத்து நிலையம் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும், எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்று சொல்லும். ஆனால் உங்களை அடிக்கிற புயல் அதையும் அடிக்கலாம். அது வாயடைத்துப் போனால் தூரத்து நிலையம் கைகொடுக்கும். நாகை, திருவாரூர் பக்கம் இருப்பவருக்குக் காரைக்கால் எஃப்எம் 100.3 பக்கத்து நிலையம், திருச்சி வானொலி 936 தூரத்து நிலையம். மலை மேல் இருப்பதால் கொடைக்கானல் 100.5 தென் மாவட்டங்களில் ரொம்ப தூரம் கேட்கும். (கஜா அந்தக் கொடைக்கானல் வரைக்கும் போய் மரங்களைச் சாய்த்தது என்பது வேறு கதை. அதனால்தான் இரண்டு என்கிறேன்.)

ஆகாசவாணியின் மீடியம் வேவ் எண்கள் நெடுங்காலமாக இவைதான்: சென்னை 720, திருச்சி 936, கோவை 999, நெல்லை 1197, புதுச்சேரி 1215, மதுரை 1269. ஆனால் சமீப ஆண்டுகளில் நாடு முழுக்கப் பழைய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றை நிறுத்தி எஃப்எம்முக்கு மாற்றிக்கொண்டே வருகிறார்கள். சில அலைவரிசைகளில் டிஜிட்டல் ஒலிபரப்பு ஓடும், சாதாரண செட்டில் அது ஒரே சீரான இரைச்சலாகத்தான் கேட்கும், செட் கெட்டுவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். ஆகவே நான் எழுதியது உட்பட எந்தப் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம், காதால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பகலில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. மீடியம் வேவ் பகலில் தரையோடு வரும், இருட்டிய பிறகு வானத்தில் பட்டுத் திரும்பியும் வருவதால் எங்கெங்கோ இருக்கும் நிலையங்கள் எல்லாம் வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பகலில் தெளிவாகக் கேட்ட நிலையம் ராத்திரி குழம்பலாம், பகலில் கேட்காதது ராத்திரி கணீரென்று வரலாம்.

கேட்கும்போது செட்டை வைத்த இடத்தில் வைத்தபடியே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மீடியம் வேவுக்கு ஏரியல் செட்டுக்கு உள்ளேயே ஒரு கறுப்புக் கம்பியாக இருக்கிறது, வெளியே நீட்டும் குச்சி அதற்கு எந்த உதவியும் செய்யாது. கால் வட்டம் திருப்பினால் ஒரு நிலையம் எழும்பும், இன்னொன்று அமுங்கும். எஃப்எம்முக்குத்தான் அந்தக் குச்சி. அதை முழுசாக நீட்டி ஜன்னல் ஓரம் வையுங்கள், கான்கிரீட் வீட்டின் நடு ரூமில் வைத்தால் கம்பி போட்ட தளம் சிக்னலைத் தின்றுவிடும். மொட்டை மாடியில் நன்றாக எடுக்கிறது என்பதற்காகக் காற்றிலும் இடியிலும் அங்கே ஏறாதீர்கள். மீடியம் வேவில் 'ர்ர்ர்' என்று உறுமல் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி வீட்டுக்குள்தான் இருப்பார்: எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். தெருவுக்கே கரண்ட் போன ராத்திரியில் மீடியம் வேவ் அத்தனை சுத்தமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான், அக்கம்பக்கத்து உறுமல் எல்லாம் மொத்தமாக அடங்கிவிடுகிறது.

நிலையம் கிடைத்துவிட்டதா? முள் நிற்கிற இடத்தில், கண்ணாடி மேல் நகப்பூச்சால் ஒரு சின்னப் பொட்டு வையுங்கள். பக்கத்து நிலையத்துக்குச் சிவப்பு, தூரத்து நிலையத்துக்கு வேறு நிறம். டார்ச் வெளிச்சத்தில் அம்மாவோ பாட்டியோ தானாகவே முள்ளை அங்கே கொண்டு வந்து வைத்துவிடுவார்கள். செட்டின் முதுகில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி நிலையத்தின் பெயர், எண், மாநிலச் செய்தி வரும் நேரம், அப்புறம் 1077 என்று மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண், 1070 என்று மாநில எண், இவ்வளவையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள்.

தனியார் எஃப்எம்கள் செய்தி வாசிக்க அனுமதி இல்லை என்று பலர் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். சொந்தமாகச் செய்தி தயாரிக்கத்தான் தடை. வானிலை, போக்குவரத்து, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர் பற்றி நிர்வாகம் தரும் தகவல்களை அவர்கள் சொல்லலாம், நகரத்துக்குள் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் அங்கேதான் சீக்கிரம் வரும். பாம்பனில் மீனவர்களுக்கென்றே நடக்கும் கடல் ஓசை 90.4 மாதிரி சமுதாய வானொலி உங்கள் பக்கம் இருந்தால் அதற்கும் ஒரு பொட்டு. 100 வாட் சக்திதான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டாது, ஆனால் அந்தப் பத்துக் கிலோமீட்டர்தானே உங்களுக்கு வேண்டும்.

போனில் எஃப்எம், காரில் எஃப்எம்

போனில் ரேடியோ ஆப் இருக்கிறது என்பவர்கள் ஒரு சோதனை செய்யுங்கள். டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டு ஆப்பைத் திறங்கள். பேச்சு நின்றுவிட்டால் அது இணையத்தில் வருகிற ரேடியோ, புயலில் செல்லாக் காசு. உண்மையான எஃப்எம் சில போன்களில்தான் இருக்கிறது, அதற்கு வயர் உள்ள இயர்போன் சொருக வேண்டும், அந்த வயர்தான் ஏரியல். 2023-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன்களில் எஃப்எம் வசதியை முடக்காமல் கொடுக்கச் சொல்லி உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது, அதற்குச் சொன்ன காரணங்களில் பேரிடரும் ஒன்று. உங்கள் போனில் இருந்தால், டவர் போனதும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு எஃப்எம் மட்டும் கேளுங்கள். இல்லாத டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தீர்த்துவிடும். ஏரோப்ளேன் மோடில் எஃப்எம் வேலை செய்கிறதா என்பதையும் அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடுங்கள், எல்லாப் போனும் ஒரே மாதிரி இல்லை.

கார் ரேடியோ நல்ல ரேடியோ. இன்ஜினை ஓடவிடாமல் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பிச் செய்தி கேட்டுவிட்டு அணைத்துவிடலாம். மூடிய பார்க்கிங்கில் இன்ஜினை ஓட விட்டு உட்கார்ந்து கேட்காதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சாவியைத் தொடவே வேண்டாம்.

அறிவிப்பில் எதைப் பிடித்துக்கொள்வது

புயல் வருவதற்கு முன் வானொலியில் வரும் வானிலை அறிக்கை பாதிப் பேருக்குத் தாலாட்டு மாதிரிக் காதில் விழுந்து போய்விடுகிறது. அதில் மூன்று விஷயம் பிடித்தால் போதும்: எங்கே, எப்போது, என்ன வேகம். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அதற்குப் புயல் என்று பெயர், 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல். இது காற்றின் கணக்கு மட்டும். மழைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது புயலே அல்ல, பெயர் கூட வைக்கவில்லை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயிலே பயணிகளோடு தண்ணீரில் மாட்டிக்கொண்டது. அதனால் 'வெறும் மேலடுக்குச் சுழற்சிதானாம்' என்று செட்டை அணைத்துவிடாதீர்கள்.

துறைமுகப் புயல் கூண்டு எண்ணையும் பலர் ஏணிப்படி மாதிரி நினைக்கிறார்கள். 1, 2 என்றால் தூரக் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 மூன்றும் ஆபத்துதான், புயல் அந்தத் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக மேலேயே வருமா என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 அதே கணக்கு, தீவிரப் புயலுக்கு. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். '7 ஏற்றினார்கள், 5 ஆகக் குறைத்துவிட்டார்கள், சரியாகிவிட்டது' என்று பேசிக்கொண்டு கடற்கரைக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காற்று திடீரென்று நின்றால்? வெளியே வராதீர்கள், ரேடியோவைப் போடுங்கள். புயலின் கண் உங்கள் தலைக்கு மேல் இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையில் இருந்து அதே வேகத்தில் காற்று வரும், முதல் பாதியில் ஆடிப்போன மரமும் கூரையும் விழுவது பெரும்பாலும் அப்போதுதான். 'முழுமையாகக் கரையைக் கடந்தது' என்று அறிவிப்பு வர வேண்டும், உங்கள் பகுதியில் காற்றும் தணிய வேண்டும், அதுவரை கதவுக்குள் இருங்கள்.

கடந்த பிறகுதான் ரேடியோவுக்கு உண்மையான வேலை. அதிலும் முதலில் கேட்க வேண்டியது அணைச் செய்தி. உங்கள் வீட்டுக்கு மேலே எந்த ஏரி, எந்த அணை இருக்கிறது என்று இன்றைக்கே தெரிந்து வையுங்கள். செம்பரம்பாக்கம் திறந்தால் அடையாறு ஓரம், பூண்டி திறந்தால் கொசஸ்தலை ஆற்றோரம், பாபநாசம், மணிமுத்தாறு என்றால் தாமிரபரணிக் கரை, சாத்தனூர் என்றால் தென்பெண்ணை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூரில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்ணீர் ஊருக்குள் புகுந்தது விழுப்புரத்திலும் கடலூரிலும். அங்கே மழை விட்டிருந்தாலும் ஆறு ஏறும். அணை திறப்புக்கும் உங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்கும் இடையில் இருக்கிற சில மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

கன அடி எண்ணைத் தனியாகக் கேட்டால் ஒன்றும் புரியாது. ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி எழுதுங்கள்: நேரம், அணை, கன அடி. காலையில் ஐந்தாயிரம், மதியம் பன்னிரண்டாயிரம், மாலை இருபதாயிரம் என்று வரி வரியாகக் கண்ணால் பார்க்கும்போது, இன்னும் காத்திருப்பதா, பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போவதா என்று முடிவெடுக்கலாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி வரை போனது. அடையாற்றங்கரைக்காரர்கள் அந்த எண்ணை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அதே நோட்டில் முகாம், குடிநீர் லாரி, பஸ், ரயில், தேர்வு ஒத்திவைப்பு, மீனவர்கள் கடலுக்குப் போகலாமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேட்ட எல்லாவற்றையும் எழுத வேண்டாம், உங்கள் தெருவுக்குத் தேவையானது போதும். பேட்டரியை மிச்சப்படுத்த ஐந்தாறு வீடு சேர்ந்து முறை வைத்துக் கேட்கலாம், காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. கேட்டவர் அப்படியே வாசலில் ஒரு அட்டையில் எழுதி மாட்டிவிட்டால் வாய்வழியாகப் போகும்போது பன்னிரண்டாயிரம் ஒன்றே கால் லட்சமாக வளராது.

வதந்தி பற்றி ஒரு வார்த்தை. 'ஏரி உடைந்துவிட்டது' என்று யாராவது கத்திக்கொண்டு ஓடினால் முதலில் ரேடியோ, முடிந்தால் 1077. ஆனால் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் ஏறும்போது செய்திக்காகக் காத்திருக்காதீர்கள், கால் சொல்வதைக் கேளுங்கள். அரசுத் தரப்பிலும் தவறு வரும். 2004 சுனாமி முடிந்த நாலாம் நாள், டிசம்பர் 30 அன்று, மறுபடி சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை எச்சரித்தது. கடலோரம் முழுக்க ஜனம் ஓடியது, நிவாரண வேலை நின்றது, அப்புறம்தான் ஆதாரமில்லாத எச்சரிக்கை என்று தெரிந்தது. எச்சரிக்கை கேட்டால் மேட்டுக்குப் போய்விடுங்கள், ஆனால் செட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மறுப்போ அடுத்த எச்சரிக்கையோ அதில்தான் வரும்.

ரேடியோவில் நீங்கள் பதில் பேச முடியாது. வெளியூர் மகனுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று சொல்ல வேண்டுமென்றால் விஏஓவிடமோ முகாமிலோ எழுதிக் கொடுங்கள். போலீஸ் வயர்லெஸ், சில இடங்களில் ஹாம் ரேடியோக்காரர்கள் (உரிமம் வாங்கி, சொந்த வயர்லெஸ் செட்டில் பொழுதுபோக்காகப் பேசுகிறவர்கள்) என்று அங்கே வழி இருக்கும். சுனாமி சமயம் போர்ட் பிளேரில் தற்செயலாக ஒரு ஹாம் குழு முகாமிட்டிருந்தது. பொழுதுபோக்குக்காக வந்தவர்கள்தான், ஆனால் அந்தமானுக்கும் கரைக்கும் இடையே செய்தி கடத்தும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது, தீவில் இருந்தவர்களின் நலம் அவர்கள் மூலமாகத்தான் பல குடும்பங்களுக்குப் போனது. உங்கள் வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் ஹாம் உரிமத் தேர்வு எழுதச் சொல்லுங்கள். மத்திய அரசுதான் நடத்துகிறது, அத்தனை கஷ்டமில்லை.

கரண்ட் வந்ததும் ரேடியோவை மறந்துவிடாதீர்கள். சேதக் கணக்கெடுப்பு எப்போது, பயிருக்கு மனு எங்கே கொடுப்பது, எந்தப் பகுதியில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் வந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு புயல் போன கையோடு அடுத்த தாழ்வு மண்டலம் வருவதும் சகஜம். ஜனவரி பொங்கல் தாண்டிய பிறகு பேட்டரியைக் கழற்றிக் கவரில் போட்டு, நோட்டையும் செட்டோடு சேர்த்துக் கட்டி, பரணில் அல்ல, கைக்கு எட்டுகிற அலமாரியில் வையுங்கள்.